ஒளியலையும் எக்ஸ்-கதிரும் ஒரே மறைப்பைக் காட்டினால் நம்பலாமா?

பாளை_எம்எஸ்சி கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷ புராஜெக்டுக்கு, தூசியும் வாயுவும் மறைச்ச கேலக்ஸி மையங்கள்னு தலைப்பு எடுத்திருக்கேன். தரவு எல்லாமே பொதுக் களஞ்சியத்துல இருந்து இறக்கினது. பட்டியல்ல ஒரு கேலக்ஸி மட்டும் குழப்புது. அதோட எண்கள்:

ரெட்ஷிஃப்ட் 0.03. வைஸ் (அகச்சிவப்பு விண்கலம்) பட்டியல்ல டபிள்யூ1 − டபிள்யூ2 = 1.1; டபிள்யூ3 (12 மைக்ரான் பட்டை) = 7.3. ஸ்லோன் வானக் கணக்கெடுப்போட நிறமாலையில குறுகின கோடுகள் மட்டும், அகலக் கோடு கிடையாது. ஹெச்-ஆல்ஃபாவுக்கும் ஹெச்-பீட்டாவுக்கும் உள்ள விகிதம் 5.8. ஆக்சிஜனோட 5007 ஆங்ஸ்ட்ராம் கோட்டின் ஃப்ளக்ஸ் 3 × 10⁻¹⁴ (எர்க், ச.செ.மீ., நொடி கணக்குல). சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி 20 கிலோநொடி பார்த்திருக்கு, மையத்துல 90 ஃபோட்டான். உட்கவரலோட ஒரு பவர்-லா மாடல் பொருத்தினா நிரல் அடர்த்தி (பார்வைக் கோட்டுல ஒரு ச.செ.மீ.க்கு எத்தனை அணு) 4 × 10²¹, ஃபோட்டான் குறியெண் (நிறமாலையோட சரிவு) 0.3 வருது. 2–10 கே.இ.வி. (கிலோ எலக்ட்ரான்-வோல்ட்) ஃப்ளக்ஸ் 1.2 × 10⁻¹³.

அந்த 5.8ங்கிற ஹைட்ரஜன் கோட்டு விகிதத்துல (பால்மர் விகிதம்) இருந்து கணக்குப் போட்டா கண்ணொளி மறைப்பு சுமார் 2 மேக்னிடியூட். நம்ம பால்வீதியோட தூசி-வாயு விகிதத்தை வச்சு மாத்தினா அதுவும் 4 × 10²¹க்கே வருது. ரெண்டு வழியிலயும் ஒரே எண். அப்போ "லேசான மறைப்பு"ன்னு எழுதிட்டு அடுத்த கேலக்ஸிக்குப் போகலாமா? அந்த 0.3 மட்டும் உறுத்துது.

இன்னும் ரெண்டு கேள்வி. தூசி மையத்தை ஒட்டின வளையத்துல இருக்கா, கேலக்ஸியோட தட்டுல இருக்கான்னு எப்படிப் பிரிக்கிறது? இந்த வகைக் கேலக்ஸி எதையாவது திருநெல்வேலியில இருந்து 8 அங்குலத் தொலைநோக்கியில பார்க்கவும், முடிஞ்சா கோடுகளை எடுக்கவும் வழி உண்டா? புராஜெக்ட் நாள்ல வர்றவங்களுக்குக் காட்டணும்.

வண்ணாரப்பேட்டை:

வைஸ் பக்கத்தை முதல்ல சரிபார்த்துக்கோங்க. டபிள்யூ1 − டபிள்யூ2 0.8க்கு மேல போனா கருந்துளை மையம்ங்கிற வரம்பு 2012ல ஸ்டெர்ன் குழு போட்டது, அது வேகா மேக்னிடியூடுக்கு. ஏ.பி.ங்கிற இன்னொரு மேக்னிடியூட் அளவுகோலுக்கு மாத்தினா அதே வரம்பு 0.16தான். பட்டியலை ஏ.பி.யில வச்சுக்கிட்டு 0.8ன்னு வெட்டினா பட்டியலே காலியாயிரும்.

ரெட்ஷிஃப்ட் 0.03ல கேலக்ஸி வைஸுக்குப் புள்ளியாத் தெரியாது. டபிள்யூ1ல ஒரு புள்ளியே 6 ஆர்க்நொடிக்குப் பரவும். உங்க கேலக்ஸி அதைவிடப் பெருசு. நீட்சிக் குறி பூஜ்யம் இல்லைன்னா புள்ளிக்கான மேக்னிடியூடை எடுக்காதீங்க, நீள்வட்டத் துளைக்கான மேக்னிடியூடை எடுங்க. ஆனா நிறத்துக்கு மட்டும் மையத்தோட சின்னத் துளை போதும். வெளித்தட்டு நட்சத்திரம் சேரச் சேர நிறம் நீலமாயிரும். பேய்ப் பிம்பம், பக்கத்து நட்சத்திர ஒளிக்கீற்று இதுக்கெல்லாம் நாலு இலக்கக் கறைக் குறி இருக்கு. நாலும் பூஜ்யமா இருக்கான்னு பாருங்க.

1.1ங்கிறது தாராளமான சிவப்பு. இளம் நட்சத்திரம் நிறைஞ்ச குள்ளக் கேலக்ஸியும் சில நேரம் 0.8ஐத் தாண்டும், அதனால கேலக்ஸியோட நிறை எவ்வளவுன்னு ஒரு பார்வை பாருங்க. பெரிய கேலக்ஸின்னா அந்தப் பயம் இல்ல. மையத்துல சூடான தூசி இருக்குங்கிறது உறுதி. டபிள்யூ3 = 7.3ன்னா 12 மைக்ரான்ல சுமார் 38 மில்லிஜான்ஸ்கி. உங்க தூரம் 130 மெகாபார்செக். ஒளிர்வு ஏறக்குறைய 2 × 10⁴³ எர்க்/நொடி. நல்ல பலமான மையம்.

நிரல் அடர்த்தி ரெண்டு வழியில ஒத்துப்போகுதுன்னா எழுதிரலாம்னுதான் எனக்குப் படுது.

கடனாநதி:

அண்ணாச்சி சொன்ன வைஸ் பகுதி அத்தனையும் சரி. கடைசி வரியைத்தான் ஒத்துக்க முடியல. தம்பி, எழுதிராதீங்க. அந்த ரெண்டு 4 × 10²¹ம் ஒத்துப்போறது தற்செயல், ஏன்னா ரெண்டும் ஒரே இடத்தை அளக்கல.

பால்மர் விகிதம் அளக்கிறது குறுங்கோட்டு மண்டலத்துக்கு (குறுகின கோடுகளைத் தர்ற வாயு) முன்னால கிடக்கிற தூசியை. அந்த மண்டலம் நூற்றுக்கணக்கான பார்செக் தூரம் பரவியிருக்கும். மையத்தை மறைக்கிற வளையம் சில பார்செக் அகலம்தான். வளையத்துக்கு மேலயும் கீழயும் எட்ட நிக்கிற வாயுவை அது எப்படி மறைக்கும்? மையத்துக்கு முன்னால 10²⁵ இருந்தாலும் உங்க 5.8 அப்படியே 5.8ஆ நிக்கும். போகட்டும், அந்த 5.8ஐயே ஒரு தடவை சரிபாருங்க: ஹெச்-பீட்டாவுக்கு அடியில நட்சத்திரங்களோட உட்கவரல் கோடு இருக்கு. நட்சத்திரப் பின்னணியைக் கழிக்காம அளந்தா ஹெச்-பீட்டா குறைஞ்சு விகிதம் ஏறிரும். ஹெச்-ஆல்ஃபாவோட ரெண்டு பக்கமும் நைட்ரஜன் கோடு ஒட்டிக்கிட்டு இருக்கும். 6548க்கும் 6583க்கும் 1:3ன்னு கட்டிப்போட்டுப் பிரிங்க.

இப்போ எக்ஸ்-கதிர். 2 கே.இ.வி.க்குக் கீழ உங்களுக்கு வர்ற ஃபோட்டான் மையத்துல இருந்து நேரா வர்றது இல்ல. கதவைச் சாத்தின அறையில எரியிற விளக்கு, வென்டிலேட்டர் வழியா எதிர்ச் சுவத்துல விழுந்து தெரியிற மாதிரி, வளையத்துக்கு மேல இருக்கிற அயனி வாயுவுல பட்டுச் சிதறி வர்றது கொஞ்சம். நட்சத்திரம் பிறக்கிற இடத்துச் சூட்டு வாயு தர்றது கொஞ்சம். ரெண்டுக்கும் முன்னால பெரிய திரை எதுவும் கிடையாது. நீங்க போட்டது ஒரே ஒரு பவர்-லா, அதுக்கு ஒரே ஒரு திரை. மென் பகுதி (குறைஞ்ச ஆற்றல்) ஃபோட்டான்களை விடக்கூடாதுன்னு அந்த மாடல் திரையை மெலிசாக்குது. வன்பகுதியில (அதிக ஆற்றல்) எஞ்சி நிக்கிற ஃபோட்டானைப் பிடிக்க குறியெண்ணைத் தட்டையாக்குது. விளைவு 4 × 10²¹, 0.3. உண்மையான மையத்தோட குறியெண் 1.8, 1.9ஐச் சுத்தித்தான் இருக்கும். 0.3ன்னு வந்தாலே கனமான மறைப்போ, பிரதிபலிப்பு மட்டுமோ பார்க்கிறீங்கன்னு அர்த்தம். உறுத்தினது சரியான இடத்துலதான்.

எந்த அளவு திரை எதை நிறுத்தும்னு ஒரு குத்துமதிப்பு: 10²² இருந்தா ஏறக்குறைய 1.5 கே.இ.வி.க்குக் கீழ விழுந்துரும்; 10²³ன்னா 3, 4 வரைக்கும்; 10²⁴ன்னா 8, 10 வரைக்கும். 1.5 × 10²⁴ஐத் தாண்டினா எலக்ட்ரான் சிதறலே ஃபோட்டானை வெளிய விடாது. அதுதான் காம்ப்டன்-தடிப்புங்கிறது. சந்திரா 8க்கு மேல பார்க்காது. அதனால உங்க 90 ஃபோட்டான்ல நேரடி ஒளி ஒண்ணுகூட இல்லாம இருக்க வாய்ப்பு உண்டு.

மாடலை நம்பாம முதல்ல ரெண்டு விகிதம் போட்டுப் பாருங்க. ஆக்சிஜன் கோட்டைத் தூசிக்குத் திருத்தணும்: தூசியில்லாத பால்மர் விகிதம் ஏறக்குறைய 3.0, அதனால (5.8 ÷ 3.0) ஐ 2.94 அடுக்குக்கு உயர்த்தினா சுமார் 7. திருத்தின ஃப்ளக்ஸ் 2.1 × 10⁻¹³. எக்ஸ்-கதிர் ஃப்ளக்ஸை இதால வகுத்தா 0.6. மறைப்பில்லாத மையத்துக்கு இந்த விகிதம் பத்துக்கணக்குல இருக்கும். 1க்குக் கீழ வந்தா காம்ப்டன்-தடிப்புன்னு பலமாச் சந்தேகப்படலாம். திருத்தாம வகுத்திருந்தா 4ன்னு வந்து தப்பிச்சிருக்கும். நிறைய பேர் கோட்டை விடுற இடம் இது.

ரெண்டாவது, 12 மைக்ரான். தூசி எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஒளிரும். அந்த ஒளிர்வுக்கும் மையத்தோட உண்மையான 2–10 கே.இ.வி. ஒளிர்வுக்கும் இறுக்கமான தொடர்பு இருக்கு. அண்ணாச்சி போட்ட 2 × 10⁴³க்கு எக்ஸ்-கதிர் 10⁴³ வாக்கில வரணும். உங்களுக்கு வந்தது 2.5 × 10⁴¹. நாற்பது மடங்கு குறையுது. 4 × 10²¹ திரை 2–10 பகுதியில பத்து சதவீதம்கூட விழுங்காது, நாற்பது மடங்குக்கு எங்க போக? ஒரே எச்சரிக்கை, டபிள்யூ3ல நட்சத்திரப் பிறப்பும் கலக்கும். அதுல பாதியைக் கழிச்சாலும் இருபது மடங்கு மிச்சம் நிக்குது.

எக்ஸ்ஸ்பெக்ல (எக்ஸ்-கதிர் நிறமாலை பொருத்துற மென்பொருள்) செய்ய வேண்டியது:

90 ஃபோட்டானுக்குக் கை-வர்க்கம் (கை-ஸ்கொயர்) ஆகாது. ஒரு பெட்டிக்கு குறைஞ்சது 1 ஃபோட்டான்னு கட்டி சி-ஸ்டாட் (குறைஞ்ச ஃபோட்டானுக்கான பொருத்த அளவு) போடுங்க. 20ன்னு கட்டினா நாலு பெட்டிதான் மிஞ்சும், இரும்புக் கோடு அதுல கரைஞ்சுரும். தனிமச் செறிவுக்கு வில்ம்ஸ் அட்டவணை, குறுக்குப்பரப்புக்கு வெர்னர் அட்டவணைன்னு வைங்க. பால்வீதியோட பங்கை அந்தத் திசைக்கான 21 செ.மீ. வரைபடத்துல இருந்து எடுத்து டிபி-ஆப்ஸ்ங்கிற உட்கவரல் மாடல்ல பூட்டிருங்க. உள்ள மூணு கூறு: மறைக்கப்பட்ட பவர்-லா (குறியெண் 1.8ல பூட்டினது); அதே பவர்-லா திரையில்லாம, ஒரு சில சதவீதப் பெருக்கெண்ணோட; இரும்புக் கோட்டுக்கு 6.4ல ஒரு மெல்லிய காஸியன். மென்பகுதி மிச்சம் நின்னா 0.7 கே.இ.வி. வெப்பத்துல ஒரு ஏபெக் (சூட்டு வாயு மாடல்). குறியெண்ணைத் திறந்து விடாதீங்க, 90 ஃபோட்டான் தாங்காது.

10²⁴க்கு மேல போச்சுன்னா வெறும் டிபி-ஆப்ஸ் பொய் சொல்லும், அதுல சிதறல் இல்ல. அப்போ வளையத்துச் சிதறலையும் கணக்குல எடுக்கிற மைடோரஸ் அல்லது போரஸ்02 அட்டவணைக்கு மாறுங்க. திறப்புக் கோணம், சாய்வு ரெண்டையும் திறந்து வைக்காதீங்க. உங்க தரவு அதைத் தீர்மானிக்காது. பக்கவாட்டுப் பார்வைன்னு பூட்டி, அடர்த்தியை மட்டும் விடுங்க.

இரும்புக் கோடுதான் நேரடிச் சாட்சி. 6.4ங்கிறது 1.03ஆல வகுபட்டு 6.2ல விழும். 6.0–6.4க்குள்ள எத்தனை ஃபோட்டான்னு கையால எண்ணுங்க. பக்கத்து 5–6 பகுதியை வச்சுப் பார்த்தா 2தான் வரணும்னு இருக்கிற இடத்துல 8 இருந்தா, கோட்டோட சமான அகலம் (பின்னணியை ஒப்பிட்ட பலம்) 1 கே.இ.வி. பக்கம் போகும். மறைப்பில்லாத மையத்துல அது 0.1 சொச்சம்தான்.

அப்புறம் 0.5–2, 2–8ன்னு ரெண்டு படம் பண்ணுங்க. 1 ஆர்க்நொடி உங்க தூரத்துல 0.6 கிலோபார்செக். மென்படம் 2 ஆர்க்நொடிக்கு வெளிய வழிஞ்சு, வன்படம் புள்ளியா நின்னா, நான் சொன்ன கதை படத்துலயே தெரியும்.

பணகுடிக்காற்று:

தம்பி, மூணாவது கேள்விக்கு நான் சொல்லுதேன். நம்ம அட்சரேகை 8.7. தெற்கு வானம் நமக்குத் தாராளமாக் கிடைக்குல்லா, அதை விட்டுராதீங்க.

முதல் ஆள் எம்77. சீட்டஸ் விண்மீன் கூட்டத்துல டெல்ட்டா நட்சத்திரத்துக்குக் கிழக்க ஒரு டிகிரிக்குள்ள. உச்சியில 81 டிகிரி ஏறும். கார்ல் செய்ஃபர்ட் 1943ல எழுதின கட்டுரையிலேயே இருக்கிற கேலக்ஸி. குறுங்கோடு மட்டும் உள்ள ரெண்டாம் வகை. மையத்துக்கு முன்னால 10²⁵க்கு மேல. 1985ல அன்டோனுச்சியும் மில்லரும் துருவமுற்ற ஒளியை மட்டும் பிரிச்சுப் பார்த்தப்போ அதுக்குள்ள அகலக் கோடு ஒளிஞ்சிருந்துச்சு. அகலக்கோட்டு மண்டலம் உள்ளதான் இருக்கு, நம்ம பக்கம் திரைங்கிறதுக்கு அதுவே முதல் நல்ல சாட்சி. அல்மா ரேடியோ தொலைநோக்கி அதோட வளையத்தைப் பத்து பார்செக் அளவுல 2016ல காட்டிச்சு. தூசி பிழைக்கிற உள் விளிம்பை, கிராவிட்டிங்கிற அகச்சிவப்புக் கருவி 0.24 பார்செக்னு 2020ல அளந்துச்சு. ஐஸ்கியூப் நியூட்ரினோ கண்டறிகருவி 2022ல அந்தத் திசையில 79 நியூட்ரினோ உபரியாக் கண்டதா அறிவிச்சது. இத்தனை திரையையும் சட்டை பண்ணாம வர்றது அது ஒண்ணுதான்.

இங்க சிக்கல் என்னன்னா, எம்77 நடுராத்திரி உச்சிக்கு வர்றது அக்டோபர் கடைசி, நவம்பர். நமக்கு அப்பதான் வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில மழை ஓய்ஞ்சப்புறம் பொழுது அடைஞ்ச உடனே பிடிங்க, ஏழு மணிக்கு உச்சியில நிக்கும். டாப்சோனியன் (எளிய சுழல் பீடத் தொலைநோக்கி) உச்சிக்கு நேர வச்சா திருப்ப வராது. அரை மணி, முக்கால் மணி பொறுத்து மேற்க சரிய விடுங்க. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் இருந்தீங்கன்னா ரொம்பச் சரிய விட்டா மலை மறைச்சிரும். 8 அங்குலத்துல 100 மடங்குல சின்ன வெள்ளைப் பஞ்சு, நடுவுல கூர்மையா ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில கணிசமான பங்கு குறுங்கோட்டு ஒளி.

ரெண்டாவது சென்டாரஸ் ஏ. நமக்கு 38 டிகிரி, டெல்லிக்காரங்களுக்கு 18. ஏப்ரல், மே மாசம் ராத்திரி. இருட்டான இடத்துல தூசிப்பட்டை கேலக்ஸியை ரெண்டா வெட்டுனது கண்ணுக்கே தெரியும். தட்டுத் தூசிக்கும் மையத் தூசிக்கும் வித்தியாசம் கேட்டீங்கல்லா, இதைக் காட்டுங்க. கண்ணுக்குத் தெரியிற பட்டை கேலக்ஸியோடது, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு அகலம். எக்ஸ்-கதிர்ல தெரியிற 10²³ சொச்சத் திரை மையத்தை ஒட்டினது. பக்கத்துலயே என்.ஜி.சி. 4945 இருக்கு, நமக்கு 32 டிகிரி. 10 கே.இ.வி.க்குக் கீழ இருட்டு, 20க்கு மேல பளிச்சு. சர்சினஸ் 16 டிகிரிதான் ஏறும், பால்வீதித் தூசிக்குள்ள வேற கிடக்கு, விட்டுருங்க.

கோடு எடுக்கணும்னா டாப்சோனியன் ஆகாது. பின்தொடர்ற பீடம் வேணும். கேமராவுக்கு முன்னால மி.மீ.க்கு 100 கோடு உள்ள கிரேட்டிங் (ஒளியை நிறங்களாப் பிரிக்கிற தகடு) திருகி, சென்சார்ல இருந்து 60 மி.மீ. தள்ளி வைங்க. 3.75 மைக்ரான் பிக்சலுக்கு ஒரு பிக்சல் 6.25 ஆங்ஸ்ட்ராம், 4000ல இருந்து 7000 வரைக்கும் 480 பிக்சல்ல அடங்கிரும். 60 நொடி 60 நொடியா ஒரு மணி நேரத்துக்கு எடுத்து அடுக்குங்க. பூஜ்ய வரிசைப் புள்ளி (பிரியாம நேரா வர்ற பிம்பம்) படத்துக்குள்ள இருக்கணும், இல்லன்னா அளவுகோல் கிடையாது. முன்னாடியே ஒரு ஏ-வகை நட்சத்திரத்தை எடுத்து அதோட ஹைட்ரஜன் கோடுகளை வச்சு அளவுகோல் போட்டுருங்க. கிரேட்டிங்கைத் திருப்பி, கோடு பரவுற திசையில வேற நட்சத்திரம் விழாம பாருங்க.

எம்77ல எதிர்பார்க்க வேண்டியது: 5007 கோடு 5026ல வரும். 4959ம் 5007ம் பிரியாது, ஒரே மேடாத் தெரியும். ஹெச்-ஆல்ஃபா 6588க்குத் தள்ளிப்போயி நைட்ரஜனோட வீட்டு எண்ணுல உக்காந்திருக்கும், அதை நைட்ரஜன்னு பேர் எழுதிராதீங்க. ஒளிஞ்ச அகலக் கோடு இந்தக் கருவியில வராது, அதைத் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் எடுக்கவே எடுக்காதீங்க. கணவாய்க் காத்துல புள்ளி புள்ளியா நிக்காது.

சேரன்மாதேவி_7:

இடையில ஒரு கேள்வி. வெப் தொலைநோக்கி காட்டுற அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளிகளும் தூசி மறைச்ச மையம்தானா? அதுக்கும் இதே சூத்திரம் ஓடுமா?

வண்ணாரப்பேட்டை:

அப்படியே ஓடாது. ஆரம்பத்துல தூசின்னுதான் படிச்சாங்க: அகலமான பால்மர் கோடு இருக்கு, நிறம் சிவப்பு, அப்போ மூணு மேக்னிடியூட் தூசி போட்டாச் சரியாப்போகும்னு. ஆனா தூசி விழுங்கினதை எங்கயாவது கக்கணும்லா. வெப்போட மிரி அகச்சிவப்புக் கருவியில சூட்டுத் தூசியோட ஒளிர்வு எதிர்பார்த்த அளவு ஏறல. அல்மாவுலயும் குளிர்ந்த தூசி தட்டுப்படல. எக்ஸ்-கதிர்ல பலதை அடுக்கிப் பார்த்தும் பெருசா ஒண்ணும் இல்ல. சிலதுல பால்மர் முறிவு (ஹைட்ரஜனால நிறமாலை சட்டுன்னு இறங்குற இடம்) நட்சத்திரங்களால தர முடியாத அளவுக்குச் செங்குத்தா இருக்கு. 2025ல பேசப்பட்ட, ரெட்ஷிஃப்ட் 3.55ல இருக்கிற ஒரு புள்ளிக்கு "பாறைமுனை"ங்கிற அர்த்தத்துலயே பேர் வச்சிருக்காங்க. இப்போ பலமா நிக்கிற விளக்கம், கருந்துளையைச் சுத்தி ரொம்ப அடர்த்தியான ஹைட்ரஜன் வாயு, தூசி கொஞ்சம்தான். விவாதம் ஓயல.

அதனால அங்க பால்மர் விகிதத்தை எடுத்துத் தூசின்னு மாத்துறது ஆபத்து. அந்த அடர்த்தியில கோடுகளே ஒண்ணையொண்ணு விழுங்கி விகிதத்தை மாத்திரும், தூசியில்லாத வாயுவுக்கான 2.86ங்கிற ஆரம்ப எண்ணுக்கு அங்க வேலை இல்ல. கடனாநதி தங்கச்சி சொன்ன மாதிரி வாயு வேற கணக்கு, தூசி வேற கணக்கு. என் கடைசி வரியை அதனாலயே திரும்ப வாங்கிக்கிறேன்.

கடனாநதி:

அதே விஷயம் பக்கத்துக் கேலக்ஸியிலயும் உண்டு. தூசி 1500 கெல்வினைத் தாண்டினா ஆவியாயிரும். 10⁴⁵ எர்க் ஒளிர்வுக்கு அந்த எல்லை 0.4, 0.5 பார்செக், ஒளிர்வோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி சுருங்கும். அதுக்கு உள்ள இருக்கிற வாயு எக்ஸ்-கதிரை நிறுத்தும், கண்ணொளியை நிறுத்தாது. என்.ஜி.சி. 1365ல ஒரு சில நாள்ல காம்ப்டன்-தடிப்புல இருந்து மெலிஞ்சதுக்கு மாறினது இந்த வகை மேகம் குறுக்க போறதாலதான். வளையம் முழுசா அவ்வளவு வேகமா நகர வழியில்ல. அதனால எக்ஸ்-கதிர் காட்டுற நிரல் அடர்த்தி, தூசியை வச்சுக் கணக்கிட்டதைவிட அதிகமா இருக்கிறதுதான் வழக்கம். ரெண்டும் சமமா வந்தா சந்தோஷப்படாம சந்தேகப்படணும்.

தட்டா வளையமாங்கிற ரெண்டாவது கேள்விக்கு: கேலக்ஸியோட அச்சு விகிதம் பாருங்க. 0.3க்குக் கீழன்னா விளிம்புப் பார்வை, தட்டே சில மேக்னிடியூட் தரும், 10²² வரைக்கும் தாராளமாத் தரும். ஆனா அமைதியான பக்கத்துக் கேலக்ஸியோட தட்டு 10²⁴ தராது. அந்த அளவு வந்தா மையத்துலதான். ரெட்ஷிஃப்ட் 2, 3க்குப் போனா இந்த விதி தளரும். அங்க கேலக்ஸி முழுக்க வாயு, தட்டே 10²³க்கு மேல தரலாம். தூரத்துல ஒரு சௌகரியமும் உண்டு: ரெட்ஷிஃப்ட் 2ல சந்திராவோட 8 கே.இ.வி. அங்கத்த 24க்குச் சமம், திரையைத் துளைக்கிற ஃபோட்டானே நம்ம கைக்கு வருது.

ஸ்பிட்ஸர் அகச்சிவப்புத் தொலைநோக்கியோட நிறமாலை களஞ்சியத்துல இருந்தா 9.7 மைக்ரான் சிலிக்கேட் பள்ளத்தைப் பாருங்க. ரொம்ப ஆழமான பள்ளம் பெரும்பாலும் கேலக்ஸித் தூசியோடது, வளையத்தோடது இல்ல. அதே நிறமாலையில 14.3 மைக்ரான்ல நியான் கோடு இருந்தா மையம் உறுதி. அந்த அயனிக்கு 97 எலக்ட்ரான்-வோல்ட் வேணும், சாதாரண நட்சத்திரக் கூட்டத்தால முடியாது.

பாளை_எம்எஸ்சி:

அக்கா, அண்ணாச்சிமாருக்கு நன்றி. மென்படம் 4 ஆர்க்நொடி வரைக்கும் வழியுது, வன்படம் புள்ளிதான். 6.0–6.4க்குள்ள 9 ஃபோட்டான். 5–6 பகுதியை வச்சுப் பார்த்தா 2.4 எதிர்பார்க்கலாம். மைடோரஸ் போட்டா நிரல் அடர்த்தி 2 × 10²⁴க்கு ஏறி, மேல் எல்லை இல்லாம ஓடுது. அச்சு விகிதம் 0.7. அட்டவணையில என்ன எழுதட்டும்? "2 × 10²⁴"ன்னா, வேற மாதிரியா?

கடனாநதி:

எண்ணா எழுதாதீங்க, கீழ் எல்லையா எழுதுங்க. சி-ஸ்டாட் குறைந்தபட்சத்துல இருந்து 2.71 ஏறுற இடத்தை எக்ஸ்ஸ்பெக்கோட ஸ்டெப்பார் கட்டளையில படிப்படியா நடந்து கண்டுபிடிங்க, அது 90 சதவீத எல்லை. அது 1.5 × 10²⁴க்கு மேல விழுந்தா "காம்ப்டன்-தடிப்பு", கீழ விழுந்தா "காம்ப்டன்-தடிப்பு வேட்பாளர்". மேல் எல்லை ஓடுறது சந்திராவோட குறை, உங்க தப்பு இல்ல. 8க்கு மேல தரவு இல்லாம 2 × 10²⁴க்கும் 10²⁵க்கும் வித்தியாசம் தெரியாது. பால்மர்ல வந்த 2 மேக்னிடியூடைத் தனிப் பத்தியில போடுங்க, "குறுங்கோட்டு மண்டலத்துக்கு"ன்னு குறிப்போட. ரெண்டையும் ஒரே பத்தியில போட்டா பரிசோதகர் முதல் கேள்வியா அதைத்தான் பிடிப்பார். உண்மை ஒளிர்வுக்கு மைடோரஸ் தர்ற எண்ணை மட்டும் நம்பாம, 12 மைக்ரான்ல இருந்து வர்ற 10⁴³ஐயும் பக்கத்துல வைங்க.

நூஸ்டார் எக்ஸ்-கதிர் தொலைநோக்கி 3ல இருந்து 79 கே.இ.வி. வரைக்கும் பார்க்கும். நாசாவோட ஹெசார்க் களஞ்சியத்துல உங்க ஆயத்தொலைவைச் சுத்தி 6 ஆர்க்நிமிடத்துக்குத் தேடுங்க. அதோட படம் 12 ஆர்க்நிமிடம் அகலம், வேற யாரையோ பார்க்கும்போது உங்க கேலக்ஸி ஓரத்துல விழுந்திருக்கலாம். கிடைச்சா 20, 30 கே.இ.வி.யில முதுகு மாதிரி ஒரு எழும்பல் இருக்கான்னு பாருங்க, அதுதான் பிரதிபலிப்பு. சந்திராவோட சேர்த்துப் பொருத்தும்போது ரெண்டுக்கும் நடுவுல ஒரு மாறிலி விடணும். நூஸ்டாரோட புள்ளிப்பரவல் பெருசு, 30 ஆர்க்நொடி துளை போட்டா பக்கத்து எக்ஸ்-கதிர் மூலமும் உள்ள வந்துரும். சந்திராப் படத்துல அந்த 30 ஆர்க்நொடிக்குள்ள வேற என்னென்ன இருக்குன்னு முதல்லயே குறிச்சுக்கோங்க.

ஸ்விஃப்ட் விண்கலத்தோட பேட் (வன் எக்ஸ்-கதிர் கருவி) பட்டியல்ல உங்க கேலக்ஸி இல்லைன்னா, "அதனால மையம் பலவீனம்"னு எழுதிராதீங்க. 105 மாசப் பட்டியலோட எல்லையே 14–195 கே.இ.வி.யில 8 × 10⁻¹² வாக்குல. நீங்க சொல்ற மையம் காம்ப்டன்-தடிப்புன்னா அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழதான் விழும்.